செயற்கைத் தரையிலும் மணிக்கட்டுக்கு வேலை உண்டு

ஹாக்கி பற்றித் தங்கள் விளையாட்டுப் பக்கத்தில் வெளியான கட்டுரை, 1886-இல் லண்டனில் ஹாக்கி சங்கம் உருவானது தொடங்கி ஆட்டத்தின் வரலாற்றை அருமையாக விளக்கியது. ஆனால் 1976 மாண்ட்ரீல் ஒலிம்பிக்கில் செயற்கைத் தரை வந்தபின் மணிக்கட்டு நுணுக்கத்தின் காலம் முடிந்தது, இனி உடல் வலுவும் நீண்ட பாஸும் போதும் என்ற அதன் முடிவை ஏற்க இயலவில்லை. ஹாக்கி மட்டையின் இடப்பக்கம் மட்டுமே தட்டையானது. அந்தப் பக்கத்தாலோ விளிம்பாலோதான் பந்தை ஆடலாம்; உருண்டையான பின்புறம் பட்டால் தவறு. எனவே இருபுறமும் பந்தை நகர்த்த, மட்டையைக் கணத்துக்குக் கணம் திருப்பியே தீர வேண்டும். இந்தியத் துணைக்கண்டத்து வீரர்கள் இதை ஒரு கலையாகவே வளர்த்தெடுத்தார்கள். இன்று ஐரோப்பிய அணிகளும் இதைப் பயில்கின்றன. பந்து துள்ளாமல் சீராக ஓடும் செயற்கைத் தரை இந்த நுணுக்கத்துக்கு உண்மையில் உதவியே செய்கிறது.

சிறுவர்களுக்குப் பயிற்சி அளிக்கும் நான் அன்றாடம் காண்பது இது: ஓங்கி அடிக்க முதலில் பழகியவர்கள் வலக்கையால் மட்டையை இறுகப் பற்றுகிறார்கள், அதனால் மேலே உள்ள இடக்கையால் அதைச் சுழற்ற முடியாமல், எதிராளி நெருங்கியதும் பந்தை இழக்கிறார்கள். அந்தப் பிடியை மாற்றுவது பெரும்பாடு. ஆகவே பயிற்சி மையங்கள் தொடக்கநிலை மாணவர்களுக்கு முதலில் மட்டையைத் திருப்பித் திருப்பிப் பந்தைத் தம்மிடமே வைத்து நகர்த்திச் செல்லக் கற்றுத்தந்து, அதன் பிறகே ஓங்கி அடிக்கும் பயிற்சியைத் தொடங்க வேண்டும்.

- ஹாக்கி பயிற்சியாளர் ஒருவர்