சோறு இல்லாத தயிர்சாதம்

ஸ்டுட்கார்ட், ஜெர்மனி,
ஞாயிறு காலை

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் இங்கே நலம். நீ, அப்பா, ஆயா, அக்கா, மாமா, பிள்ளைகள் எல்லோரும் நலமாக இருப்பீர்கள்.

போன வாரம் போனில், "காலையில் என்னடா சாப்பிட்டாய்?" என்று கேட்டாய். "முட்டை" என்றேன். "அப்புறம்?" "அவ்வளவுதான்." அன்றிலிருந்து அக்காவிடம் ஒரே புலம்பலாம். பிள்ளை அயல்நாட்டில் பட்டினி கிடக்கிறான், களியும் சோறும் தொடுவதில்லை, யாரோ என்னமோ சொல்லிக் கெடுத்துவிட்டார்கள் என்று. போனில் விளக்கினால் பாதியிலேயே அழ ஆரம்பித்துவிடுவாய். அதனால்தான் உட்கார்ந்து கடிதமாகவே எழுதுகிறேன். அப்பா திண்ணையில் உட்கார்ந்து சத்தமாகப் படித்துக் காட்டட்டும். நடுவில் ஓரிடத்தை அவர் தாண்டிப் போகப் பார்ப்பார். அந்த இடம் வரும்போது கடிதத்தை வாங்கி அக்காவிடம் கொடுத்துவிடு.

முதலில் சங்கதியைச் சொல்கிறேன். போன அக்டோபரில் இங்கே இரத்தப் பரிசோதனை செய்தார்கள். எடை 94 கிலோ. மூன்று மாதச் சர்க்கரை சராசரி 6.1. அது 6.5-ஐத் தொட்டால் சர்க்கரை நோய் என்று எழுதிவிடுவார்கள். நான் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தேன். நம் வீட்டு ராசி உனக்குத் தெரியும், தாத்தாவுக்கு இருந்தது, அப்பாவுக்கு இருக்கிறது. டாக்டர் அம்மா இரண்டு மூன்று வழி சொன்னார். நான் கீட்டோவைப் பிடித்துக்கொண்டேன். மாவுச்சத்தை ஒரு நாளைக்கு 20 முதல் 50 கிராமுக்குள் அடக்கிவிட்டு, கொழுப்பையும் புரதத்தையும் வைத்து வயிற்றை நிரப்புவது. மாவு கிடைக்காத உடம்பு கொழுப்பை எரிக்கும். ஈரல் அதைக் கீட்டோன் என்ற பொருளாக மாற்றி மூளைக்குக்கூட அனுப்பும். இது எடை குறைக்கிறவர்கள் நேற்று கண்டுபிடித்ததல்ல. 1921-இலேயே அமெரிக்காவில் மேயோ கிளினிக்கில் ரஸ்ஸல் வைல்டர் என்ற டாக்டர் வலிப்பு நோய்க்காக இதைப் பரிந்துரைத்து, பெயரும் வைத்தார். இன்றைக்கும் மருந்துக்கு அடங்காத வலிப்புள்ள குழந்தைகளுக்கு ஆஸ்பத்திரியில் வைத்துக் கொடுக்கிறார்கள்.

களியை நான் குறை சொல்லவில்லை அம்மா. 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது, அரிசி அதன் பக்கத்தில்கூட வராது. ஆனால் ஓர் உருண்டைக்கு 100 கிராம் மாவு பிடிக்கும், அதில் மாவுச்சத்து மட்டும் 65 கிராமுக்கு மேல். என் கணக்கு நாள் முழுவதற்கும் 30. தாத்தா விடியற்காலையில் இரண்டு உருண்டையை முழுங்கிவிட்டு ஏர் பூட்டப் போனார். நான் எட்டு மணி நேரம் கம்ப்யூட்டர் திரையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.

முதல் வாரம் படாத பாடு பட்டேன். தலைவலி, கெண்டைக்காலில் பிடிப்பு, எரிச்சல். உடம்பில் சேர்த்து வைத்த மாவுச்சத்து தன்னோடு தண்ணீரையும் பிடித்து வைத்திருக்கும். அது தீரும்போது தண்ணீரும் உப்பும் சேர்ந்து இறங்கிவிடுகிறது. இங்கே எலும்பு சூப் குடிக்கச் சொல்கிறார்கள். நான் உன் மிளகு ரசத்தை உப்புத் தூக்கலாக வைத்து, பெரிய குவளையில் ஊற்றி மூன்று வேளையும் குடித்தேன். நாலாம் நாள் தலைவலி போய்விட்டது.

சரி, காலை நாஷ்டாவுக்கு வருகிறேன். உன் கவலையே அதுதானே.

வார நாட்களில் எனக்கு ஷிப்ட் காலை 6 மணிக்கு. நாலரைக்கு எழுந்தால்தான் ரயிலைப் பிடிக்க முடியும். டிசம்பரில் எட்டு மணி வரை விடியாது, அந்த இருட்டில் அடுப்பு மூட்ட எனக்கு மனசும் வராது கையும் வராது. ஒரு கருப்புக் காப்பி, அதில் இரண்டு கரண்டி கிரீம். பால் ஊற்றினால் ஒரு டம்ளருக்கு 9, 10 கிராம் பால் சர்க்கரை கணக்கில் ஏறிவிடும். காப்பியில் வெண்ணெயைப் போட்டு அடித்துக் குடிக்கிறவர்களும் இருக்கிறார்கள். நானும் ஒரு நாள் முயன்று பார்த்தேன். எண்ணெய்க் குளியலன்று வாய்க்குள் எண்ணெய் போன மாதிரி இருந்தது. அதோடு சரி.

உண்மையான சாப்பாடு ஒன்பது மணிக்கு. இந்தப் பக்கத்து ஜெர்மன்காரர்கள் அந்த இடைவேளையை வெஸ்பர் என்பார்கள். எல்லோரும் பேக்கரியில் வாங்கிய பிரெட்செல் என்ற முறுக்கு ரொட்டியைப் பிளந்து, உள்ளே வெண்ணெய் தடவிக் கடிப்பார்கள். பார்க்க நம் கைமுறுக்குக்குத் தம்பி மாதிரி இருக்கும், ஆனால் மெத்தென்று. ஒன்றிலேயே 40 கிராமுக்கு மேல் மாவு. நான் வெண்ணெயை மட்டும் சாப்பிடலாமா என்று கேட்டு ஒரு மாதம் சிரிப்பு மூட்டினேன்.

என் டப்பாவில் என்ன இருக்கும் தெரியுமா? நீ பெட்டியில் துணிக்கு நடுவே திணித்து அனுப்பினாயே குழிப்பணியாரக் கல், "இதை எதற்கு அங்கே" என்று நான் சண்டை போட்டேனே, அதுதான் இப்போது என்னைக் காப்பாற்றுகிறது. நாலு முட்டை, ஒரு கைப்பிடி பசலைக்கீரை, சின்னதாக அரிந்த ஒரே ஒரு சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், மிளகுத்தூள், துருவிய சீஸ். அடித்துக் குழியில் நெய் விட்டு ஊற்றினால் பதினாலு பணியாரம், இரண்டு ஈடு. மூடி வைத்து இளந்தணலில் வேகவிட வேண்டும், அவசரப்பட்டால் அடி கருகி நடு கொழகொழவென்று நிற்கும். முந்தின நாள் மாலை சுட்டு ஃபிரிட்ஜில் வைத்தால் மூன்று நாள் தாங்குகிறது. ஆறிப்போனாலும் ருசி கெடுவதில்லை, அதுதான் பெரிய விஷயம்.

மற்ற நாட்களில் தயிர்சாதம். பயப்படாதே, சோறு கிடையாது. குவார்க் என்று இங்கே ஒன்று விற்கிறார்கள். தயிரைத் துணியில் கட்டித் தொங்கவிட்டு எடுத்த மாதிரி கெட்டியாக இருக்கும், 100 கிராமில் 4 கிராம்தான் மாவுச்சத்து. கடுகு, இஞ்சி, பச்சை மிளகாய், பெருங்காயம் தாளித்துக் கொட்டி, வெள்ளரிக்காய் அரிந்து போட்டு, மேலே நாலு வால்நட்டை உடைத்துப் போட்டுக்கொள்வேன். இரவே பாட்டிலில் அடைத்துவிட்டால் காலையில் எடுத்துக்கொண்டு ஓட வேண்டியதுதான். கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டால் ஊர் ஞாபகம் வருகிறது. ஆனால் நாலாவது வாயில் சோறு எங்கே என்று நாக்கு தேடுகிறது. பொய் சொல்ல மாட்டேன்.

இரண்டும் செய்ய முடியாத நாளில் கடையில் வேகவைத்த முட்டை வாங்கிவிடுவேன். சிவப்பு, நீலம், பச்சை என்று ஓட்டுக்குச் சாயம் பூசி ஆண்டு முழுவதும் விற்கிறார்கள். வந்த புதிதில் ஏதோ பண்டிகை என்று நினைத்தேன். சாயம் பூசாத, வேகவைக்காத முட்டையில் எண் அச்சடித்திருக்கும், 0 என்றால் இயற்கைப் பண்ணை, 1 என்றால் வெளியில் மேயும் கோழி, 2 கொட்டகை, 3 கூண்டு. நம் வீட்டுக் கோழிக்கு என்ன எண் போடுவார்களோ, பக்கத்து வீட்டுக் கொல்லையில் மேய்ந்து அவர்கள் வைக்கோல்போரில் முட்டை போடுவதற்கு!

ஞாயிற்றுக்கிழமைதான் எனக்கு வாழ்க்கை. நம் பக்கம் போச்சம்பள்ளி சந்தை ஞாயிறன்று ஜேஜே என்று இருக்கும், இங்கே அன்றைக்குக் கடையெல்லாம் பூட்டு. சனிக்கிழமை இரவுக்குள் வாங்கவில்லை என்றால் திங்கள் வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும். சத்தமும் போடக்கூடாது. ஒரு ஞாயிறு காலை ஏழு மணிக்கு மிக்ஸியில் தேங்காய்ச் சட்னி அரைத்தேன், கீழ்வீட்டுப் பாட்டி மேலே வந்துவிட்டார். இப்போது சனிக்கிழமை மாலையே அரைத்து வைத்துவிடுகிறேன். பொட்டுக்கடலை சேர்ப்பதில்லை, அதற்குப் பதில் ஒரு கரண்டி வேர்க்கடலை. அதுவே வாசனைக்குப் போதும்.

அன்றைக்கு மெதுவாகச் செய்வது காலிஃபிளவர் உப்புமா. பூவைத் துருவி, ரவை மாதிரி ஆக்கி, கடுகு, இஞ்சி, பச்சை மிளகாய், கறிவேப்பிலை தாளித்து வதக்க வேண்டும். தண்ணீர் ஒரு சொட்டு விடக்கூடாது, மூடியும் போடக்கூடாது, போட்டால் கூழாகிவிடும். முதல் தடவை எனக்குக் கூழ்தான் கிடைத்தது. கடைசியில் தேங்காய்த் துருவல் தூவி இறக்கினால் கம்பு உப்புமாவை நினைவுபடுத்துகிற ஏதோ ஒன்று. உப்புமா என்று சொல்லலாம். பக்கத்தில் பனீரை உதிர்த்து, தக்காளி போட்டு ஒரு பொரியல். இங்கே தக்காளிக்கு நிறம் மட்டும்தான் இருக்கிறது, ராயக்கோட்டைத் தக்காளியின் புளிப்பு கிடையாது. இந்தியக் கடையில் உறைய வைத்த நெல்லிக்காய் கிடைத்தது, அதில் துவையல் அரைத்தேன். அதியமான் ஔவைக்குக் கொடுத்த கனியை ஐஸ்பெட்டியிலிருந்து எடுக்கும்போது சிரிப்பு வந்தது.

அப்புறம் நெய். போன முறை நீ கொடுத்த ஒரு கிலோ நெய்யை விமான நிலையத்தில் எடுத்துத் தொட்டியில் போட்டுவிட்டார்கள் என்று உன்னிடம் சொல்லவே இல்லை. இந்தியாவிலிருந்து பால் பொருளும் இறைச்சியும் கொண்டுவரக்கூடாது என்பது இங்கே சட்டம். இனிமேல் அனுப்பாதே. நானே காய்ச்சுகிறேன். இங்கே இரண்டு வகை வெண்ணெய், இனிப்புக் கிரீமில் எடுத்தது, புளிக்கவைத்த கிரீமில் எடுத்தது. புளித்த வகையை வாங்கினால் நீ தயிர் கடைந்து எடுக்கும் வாசனை கொஞ்சம் வருகிறது. 250 கிராம் கட்டிக்குக் கிட்டத்தட்ட 200 கிராம் நெய். முருங்கைக்கீரை மட்டும் இல்லை.

நாலு மாதத்தில் எடை 86-க்கு வந்திருக்கிறது, சர்க்கரை 5.6. ஆனால் கெட்ட கொழுப்பு ஏறியிருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். வெண்ணெயையும் சீஸையும் குறைத்து மீன், வால்நட் பக்கம் போகச் சொல்லியிருக்கிறார் டாக்டர் அம்மா. எவ்வளவு நாள் தொடர்வேன் என்று தெரியாது.

இனிமேல் வருவதை அக்கா படிக்கட்டும். அப்பா, நீங்களும் என்னைப் பார்த்து இட்லியை நிறுத்திவிட்டீர்களாம். தயவுசெய்து நாளைக்கே திரும்பச் சாப்பிடுங்கள். நான் மாத்திரை எடுக்காதவன், நீங்கள் எடுப்பவர். உங்கள் கிளிமெபிரைடு மாத்திரை, சாப்பாடு வந்தாலும் வராவிட்டாலும் இன்சுலினைச் சுரக்க வைக்கும். மாவு இல்லாத வயிற்றில் அதைப் போட்டால் சர்க்கரை சட்டென்று இறங்கும். வேர்க்கும், கை நடுங்கும், மயக்கம் வரும். நீங்கள் தனியாக மாந்தோப்பில் இருக்கும்போது வந்தால் என்ன செய்வது? இன்னொன்று, பெயர் 'ஃப்ளோசின்' என்று முடிகிற மாத்திரை ஏதாவது புதிதாக எழுதிக் கொடுத்திருந்தால் ஆபத்து வேறு மாதிரி. மாவுச்சத்தை ஒரேயடியாக நிறுத்தினால் இரத்தத்தில் அமிலம் ஏறிவிடலாம். சர்க்கரை பெரிதாக ஏறாமலே இது நடக்கும், அதனால் வீட்டு மெஷினைப் பார்த்து நிம்மதியாக இருந்துவிடுவோம். வாந்தி, வயிற்று வலி, மூச்சு வாங்கல் என்று வந்தால் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியதுதான்.

அக்கா, அப்பாவின் மாத்திரை அட்டை எல்லாவற்றையும் பெயர் தெரிகிற மாதிரி போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு. அடுத்த முறை கிருஷ்ணகிரிக்கு டாக்டரிடம் போகும்போது நீயும் கூடப் போ. களியைப் பாதி உருண்டையாகக் குறைத்துக் கீரையைக் கூட்டலாமா, மாத்திரை அளவை மாற்ற வேண்டுமா என்று அவரிடமே கேள். அதுவரை எதையும் நிறுத்த வேண்டாம்.

ஜூனில் லீவு கேட்டிருக்கிறேன். மாம்பழம் முடிவதற்குள் வந்துவிடப் பார்க்கிறேன்.

இப்படிக்கு,
உன் மகன்

பின்குறிப்பு: காவேரிப்பட்டணம் நிப்பட்டு அனுப்பாதே, எனக்கு ஆகாது. சரி, இரண்டு பாக்கெட் மட்டும் அனுப்பு. வேலையில் கூட இருக்கிற துருக்கிக்காரர் போன தடவை தின்றதிலிருந்து வாரம் ஒரு முறை கேட்கிறார்.