போஸ்மனுக்கு வராமல் போன டி.சி.

அன்புள்ள ஜான் மார்க் போஸ்மன் அவர்களுக்கு,

வணக்கம். கால்பந்து பார்க்கத் தொடங்கிய நாட்களில் 'போஸ்மன் டிரான்ஸ்ஃபர்' என்ற சொல் அடிக்கடி காதில் விழும். ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரர், பழைய கிளப்புக்குப் பணம் எதுவும் போகாமல் வேறு கிளப்புக்குப் போவதை அப்படிச் சொல்வார்கள். அது ஏதோ ஒரு விதியின் பெயர் என்றே நினைத்திருந்தேன். அந்தப் பெயரில் ஒருவர் இருக்கிறார், பெல்ஜியத்தின் லியேஜ் நகரத்துக்காரர், நடுகளத்தில் ஆடியவர் என்பதெல்லாம் பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது. தெரிந்தபோது மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. ஒருவருடைய பெயரை இத்தனை முறை சொல்லிவிட்டு, அந்த ஆளைப் பற்றி ஒருமுறைகூட யோசிக்காமல் இருந்திருக்கிறேன்.

அப்புறம் ஒருநாள் உங்கள் வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம் சொன்ன தீர்ப்பை உட்கார்ந்து முழுக்கப் படித்தேன். நான் சட்டம் படித்தவன் இல்லை. பாதிக்கு மேல் தட்டுத்தடுமாறித்தான் போனேன். ஆனால் தொடக்கத்தில், நடந்ததைச் சொல்லும் சில பத்திகள் இருக்கின்றனவே, அவற்றுக்குச் சட்ட அறிவு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

1990-இல் உங்களுக்கு 25 வயது. ஸ்டாண்டர்ட் லியேஜில் ஆடிவிட்டு, அதே ஊரின் இன்னொரு கிளப்பான ஆர்.எஃப்.சி. லியேஜுக்கு வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. ஒப்பந்தம் ஜூன் 30-இல் முடிகிறது. போனஸ் எல்லாம் சேர்த்து மாதம் சராசரியாக 1,20,000 பெல்ஜிய ஃபிராங்க் வாங்கிக்கொண்டிருந்த உங்களிடம், ஏப்ரல் 21 அன்று, அடுத்த சீசனுக்கு மாதம் 30,000 தருகிறோம் என்றார்கள். பெல்ஜியக் கால்பந்துச் சம்மேளனத்தின் விதிகள் அனுமதித்த குறைந்தபட்சச் சம்பளம் அதுதான். நீங்கள் கையெழுத்துப் போடவில்லை. உடனே உங்களை டிரான்ஸ்ஃபர் பட்டியலில் போட்டார்கள். பயிற்சி இழப்பீடு என்ற பெயரில் உங்களுக்கு வைத்த விலை 1,17,43,000 ஃபிராங்க். ஆட்டக்காரரின் ஆண்டு வருமானத்தை, வயதைப் பார்த்து, 14-இலிருந்து 2 வரையிலான ஏதோ ஒரு எண்ணால் பெருக்கு என்று விதிப் புத்தகம் சொன்னது. பெருக்கினார்கள்.

நானும் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். மாதம் 30,000 என்றால் வருடத்துக்கு 3,60,000. கிளப் தருவதாகச் சொன்ன அந்தச் சம்பளத்தை ஒரு காசு செலவழிக்காமல் 32 வருடத்துக்கு மேல் சேர்த்துவைத்தால்தான், அதே கிளப் உங்களுக்கு வைத்த விலையைத் தொடலாம். வைத்துக்கொள்வதென்றால் முப்பதாயிரம் போதுமாம், விடுவதென்றால் ஒரு கோடிக்கு மேல் வேண்டுமாம். ஒரே ஆள், ஒரே கோடைக்காலம். இந்த இடத்தில் படிப்பதை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

பிரான்சின் இரண்டாம் டிவிஷனில் இருந்த டன்கிர்க்கை நீங்களே அணுகினீர்கள். அவர்கள் உங்களோடு ஒப்பந்தம் போட்டார்கள். ஜூலை 27 அன்று இரண்டு கிளப்புகளும் தங்களுக்குள் ஒரு ஒப்பந்தம் போட்டன. ஒரு வருடத்துக்குத் தற்காலிக மாற்றம், அதற்கு 12 லட்சம் ஃபிராங்க். பிடித்துப்போனால் இன்னும் 48 லட்சம் கொடுத்து நிரந்தரமாக எடுத்துக்கொள்ளலாம். ஒரே ஒரு நிபந்தனை. ஆகஸ்ட் 2-ஆம் தேதி சீசனின் முதல் ஆட்டம். அதற்குள் பெல்ஜியச் சம்மேளனத்திலிருந்து பிரெஞ்சுச் சம்மேளனத்துக்கு உங்கள் மாற்றுச் சான்றிதழ் போய்ச் சேர்ந்துவிட வேண்டும்.

மாற்றுச் சான்றிதழ். தமிழில் இதைப் படிக்கிற யாருக்கும் இதன் கனத்தை விளக்கத் தேவையில்லை. நாங்கள் டி.சி. என்போம். அது கையில் இல்லையென்றால் பழைய பள்ளியிலும் நீ இல்லை, புதுப் பள்ளியிலும் நீ இல்லை. எனக்கும் ஒருமுறை கட்டணப் பாக்கியைச் சொல்லி டி.சி.யைக் கொடுக்காமல் வைத்திருந்தார்கள். மூன்று வாரம். தினமும் காலையில் சீருடை போட்டுக்கொண்டு, எங்கே போவது என்று தெரியாமல் திண்ணையில் உட்கார்ந்திருப்பேன். மூன்று வாரத்துக்கே அப்படி என்றால், உங்களை நினைத்துப் பார்க்கிறேன். டன்கிர்க்கிடம் பணம் இருக்குமா என்று சந்தேகப்பட்ட லியேஜ், சான்றிதழை அனுப்பச் சொல்லிச் சம்மேளனத்திடம் கேட்கவே இல்லை. இரண்டு ஒப்பந்தமும் செல்லாமல் போயின. ஜூலை 31 அன்று உங்களை சஸ்பெண்டும் செய்தார்கள். அந்த சீசன் முழுக்க உங்களை ஆடவிடாமல் செய்யும் முடிவு அது. நீங்கள் நீதிமன்றத்துக்குப் போனீர்கள்.

25 வயதில் ஆட்டத்தை இழந்து நிற்பது எந்த ஆட்டக்காரருக்கும் அடிதான். நடுகள வீரருக்கு அது கொஞ்சம் கூடவே வலிக்கும் என்று நான் நம்புகிறேன். வேகத்தைத் தனியாக ஓடிக் காப்பாற்றிக்கொள்ளலாம். ஆனால் பந்து காலுக்கு வருவதற்கு முன்பே தோளுக்குப் பின்னால் ஒரு பார்வை, எதிராளி எத்தனை அடி தூரத்தில் இருக்கிறான், இடது பக்கத் தடுப்பாட்டக்காரர் பந்தைக் காலில் கேட்பவரா அல்லது முன்னால் ஓடுபவரா என்ற கணக்கு, இதெல்லாம் பதினோரு பேரோடு ஆடினால் மட்டுமே உடம்பில் தங்கும். அதைத் தனியாகப் பயிற்சி செய்ய ஒரு வழியும் கிடையாது.

அதற்குப் பிறகு உங்கள் பாதை ஊர் ஊராகப் போனது. 1990 அக்டோபரில் பிரான்சின் சேன் கொந்தான், ஒரே சீசன். 1992 பிப்ரவரியில் ரீயூனியன் தீவின் சேன் தெனி, அதுவும் நீடிக்கவில்லை. பிறகு பெல்ஜியத்திலும் பிரான்சிலும் கதவு கதவாகத் தட்டி, கடைசியில் பெல்ஜிய மூன்றாம் டிவிஷனில் ஒலிம்பிக் ஷார்லெருவா. ரீயூனியன் என்ற பெயரைப் பார்த்ததும் எனக்கு மனம் வேறெங்கோ போய்விட்டது. 19-ஆம் நூற்றாண்டில் தமிழர்கள் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறிப் போன தீவு அது. அவர்களுடைய வழிவந்தவர்கள் இன்றும் அங்கே இருக்கிறார்கள். அவர்கள் பட்ட பாட்டோடு உங்களுடையதை ஒப்பிட மாட்டேன், அது வேறு துயரம். ஆனால் ஒப்பந்தம் என்ற காகிதம் மனிதனை எப்படிக் கட்டிப்போடும் என்று அறிந்த ஒரு மண்ணில் நீங்கள் சில காலம் பந்து ஆடியிருக்கிறீர்கள் என்பது என் மனதை விட்டுப் போகவில்லை.

1995 டிசம்பர் 15 அன்று தீர்ப்பு வந்தது. ஒப்பந்தம் முடிந்துவிட்டால், ஐரோப்பிய ஒன்றிய நாட்டைச் சேர்ந்த ஆட்டக்காரர் இன்னொரு உறுப்பு நாட்டுக் கிளப்புக்குப் போவதற்குப் பழைய கிளப் பணம் கேட்க முடியாது. அந்த நாடுகளின் ஆட்டக்காரர்களை வெளிநாட்டவர் என்று எண்ணி, இத்தனை பேர்தான் ஆடலாம் என்று கட்டுப்படுத்தவும் முடியாது. உங்களுக்கு அப்போது 31 வயது. வழக்குப் போட்டபோது எதற்காகப் போட்டீர்களோ, அந்த வயது போய்விட்டிருந்தது.

அதன் பலனை முதலில் எடுத்துக்கொண்டவர்கள் பெரிய ஆட்டக்காரர்கள். எட்கர் டேவிட்ஸ் 1996-இல் அயாக்ஸிலிருந்து மிலானுக்குப் போனார். சோல் கேம்பெல் 2001-இல் டாட்டன்ஹாமிலிருந்து ஆர்சனலுக்கு. எம்பாப்பே 2024-இல் பாரிஸிலிருந்து மாட்ரிட்டுக்கு. பழைய கிளப்புக்கு ஒரு பைசா போகவில்லை. சரி, அது அவர்கள் உரிமை. ஆனால் உங்களை நினைக்கும்போது எனக்கு அவர்கள் முகம் தோன்றுவதில்லை. பத்து வருடத்தில் எட்டு கிளப் மாறிய, இரண்டாம் மூன்றாம் டிவிஷன் நடுகள வீரரின் முகம்தான் தோன்றுகிறது. ஜூன் 30 நெருங்கும்போது போனைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு தூங்குகிறவர். ஜூலையில் புது ஊரில், பெயர்கூடத் தெரியாத இருபது பேர் நடுவில் ஷூ கயிறு கட்டுகிறவர். அக்டோபருக்குள் அவர்கள் ஒவ்வொருவருக்கும் எந்தக் காலில் பந்து வேண்டும் என்று கற்றுக்கொண்டு, மே மாதத்தில் அதையெல்லாம் அங்கேயே விட்டுவிட்டுக் கிளம்புகிறவர். அவர் கிளம்ப முடிகிறது என்பதே உங்களால்தான்.

அந்த வாழ்க்கையும் சுகமானதல்ல என்று எனக்குத் தெரியும். ஆட்டக்காரர் சும்மா போகலாம் என்று ஆன பிறகு, சாதாரண ஆட்டக்காரருக்குக் கிளப்புகள் ஒரு வருடம், இரண்டு வருடம் என்று மட்டும் கையெழுத்து வாங்கப் பழகிக்கொண்டன. முழங்கால் ஒருமுறை மடங்கினால் அடுத்த ஜூனில் அழைப்பே வராது. உங்கள் தீர்ப்பைக் குறை சொல்கிறவர்கள் இதைத்தான் காட்டுகிறார்கள். நான் அவர்கள் பக்கம் இல்லை. நிலையில்லாத வேலை ஒரு கஷ்டம். வேலையும் இல்லாமல், போகவும் விடாமல் ஒருவரை வைத்திருப்பது அநியாயம். இரண்டும் ஒன்றல்ல.

2024 அக்டோபர் 4 அன்று அதே நீதிமன்றம் இன்னொரு நடுகள வீரரின் வழக்கில் தீர்ப்புச் சொன்னது. லசானா டியாரா. லாவ்ர், செல்சி, ஆர்சனல், போர்ட்ஸ்மத், ரியல் மாட்ரிட், பிறகு ரஷ்யாவில் இரண்டு கிளப் என்று சுற்றியவர். 2014-இல் லோகோமோட்டிவ் மாஸ்கோவுடன் தகராறு. அடுத்த வருடம் பெல்ஜியத்தின் ஸ்போர்ட்டிங் ஷார்லெருவா அவரைக் கேட்டது. ஆனால் ஒப்பந்தத் தகராறு இருந்தால் சான்றிதழ் மறுக்கப்படலாம், புது கிளப்பும் இழப்பீட்டுக்குச் சேர்ந்து பொறுப்பேற்க வேண்டும் என்ற, உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவின் விதிகள் குறுக்கே நின்றன. அவர் போக முடியவில்லை. அந்த விதிகள் ஐரோப்பியச் சட்டத்துக்கு முரணானவை என்று நீதிமன்றம் சொன்னது. அவருக்காக வாதாடியவர்களில் உங்களுக்காக வாதாடிய அதே ஜான் லூயி டியூபோன் இருந்தார். திரும்பவும் ஒரு நடுகள வீரர், திரும்பவும் ஷார்லெருவா, திரும்பவும் அந்தச் சான்றிதழ். செய்தியைப் படித்தபோது எனக்கு உங்கள் ஞாபகம்தான் முதலில் வந்தது. இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்ததும் அன்றுதான்.

வழக்குக்குப் பிறகு குடியோடும் மனச்சோர்வோடும் நீங்கள் போராடியதைப் பேட்டிகளில் நீங்களே மறைக்காமல் சொல்லியிருக்கிறீர்கள். அதைப் பற்றி அறிவுரை சொல்ல நான் யார். நீங்கள் நன்றாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஒன்று கேட்க வேண்டும். உங்களைப் பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் வழக்கைப் பற்றித்தான் கேட்டிருப்பார்கள். நான் ஆட்டத்தைப் பற்றிக் கேட்கிறேன். ஸ்டாண்டர்டில் ஆடிய நாட்களில், பந்து உங்களிடம் வருவதற்கு முன் எந்தத் தோளுக்கு மேல் திரும்பிப் பார்ப்பீர்கள்? யாருக்குப் பந்து கொடுக்க உங்களுக்கு ரொம்பப் பிடிக்கும்? டன்கிர்க்கின் அந்த முதல் ஆட்டத்தில் எந்த எண் போட்ட சட்டையைத் தருவதாகச் சொல்லியிருந்தார்கள்? நேரம் கிடைக்கும்போது எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் பெயரை வெகுநாள் தவறாகப் புரிந்துகொண்டிருந்த ஒரு ரசிகன்