கட்டணம் ஜூனில், உதவித்தொகை மார்ச்சில்: இடைப்பட்ட மாதங்கள் யார் கணக்கில்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிளஸ் டூ தேர்வு முடிவுகள் வெளியானது முதல் தங்கள் நாளிதழில் வந்துகொண்டிருக்கும் உயர்கல்வி வழிகாட்டிப் பக்கங்களைத் தவறாமல் படித்து வருகிறேன். எந்தப் படிப்புக்கு எங்கே வேலை, எந்தக் கல்லூரிக்கு என்ன கட்-ஆஃப் என்பவற்றோடு கல்வி உதவித்தொகைத் திட்டங்களின் நீண்ட பட்டியலும் வெளியாகியிருந்தது. பட்டியலில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அரசு உதவி பெறும் கல்லூரி ஒன்றின் அலுவலகத்தில் உதவியாளராகவும் பிறகு கண்காணிப்பாளராகவும் இருந்து, அதில் பதினெட்டு ஆண்டுகள் உதவித்தொகைப் பிரிவைப் பார்த்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்லத் தோன்றுகிறது. சேர்க்கை நாளன்று அலுவலகச் சன்னலுக்கு முன்னால் கையில் மஞ்சள் பையுடன் நிற்கும் குடும்பத்துக்குத் திட்டங்களின் பெயர் தெரிந்து ஆகப்போவது அதிகமில்லை. இன்று எவ்வளவு கட்ட வேண்டும், உதவித்தொகையாக எவ்வளவு வரும், எந்த மாதத்தில் எந்த வங்கிக் கணக்கில் வந்து விழும், அதுவரை கல்லூரி பொறுத்துக்கொள்ளுமா என்பவையே அவர்களுடைய கேள்விகள். இவற்றுக்கு எழுத்தில் பதில் கொடுத்த கல்லூரி ஒன்றையும் நான் பார்த்ததில்லை. நான் வேலை பார்த்த கல்லூரியும் கொடுத்ததில்லை.

ஆதிதிராவிட மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையையே எடுத்துக்கொள்வோம். பெற்றோரின் ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்குள் இருக்கும் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு உரியது அது. 2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை இத்திட்டத்தை மாற்றியமைத்து, செலவில் 60 விழுக்காட்டை மத்திய அரசும் 40 விழுக்காட்டை மாநில அரசும் ஏற்பது என்று வகுத்தது. அதற்கு முந்தைய ஆண்டுகளில் பெருஞ்சுமை மாநிலங்களின் தலையில் விழுந்து திட்டமே தள்ளாடியதை அறிந்த எங்களைப் போன்றவர்கள் அதை வரவேற்கவே செய்தோம். மாநிலப் பங்கு முதலில் வரும், மத்திய அரசின் பங்கு அதன் பின்னர் தனியாக வரும். அதுவும் கல்லூரிக்குப் போகாமல் மாணவரின் ஆதார் இணைந்த கணக்குக்கு நேராகவே போகும் என்பதும் அந்த மாற்றத்தோடு வந்ததுதான். இல்லாத மாணவர்களின் பெயரில் வேறு சில மாநிலங்களில் பணம் எடுக்கப்பட்ட கதைகளுக்குப் பிறகு இந்த ஏற்பாட்டைத் தவறென்று யாரும் சொல்ல முடியாது. சிக்கல் நாட்காட்டியில் இருக்கிறது. கல்லூரி கட்டணம் கேட்பது ஜூனிலும் ஜூலையிலும். விண்ணப்பம் கல்லூரியில் சரிபார்க்கப்பட்டு, மாவட்ட நல அலுவலகம் தாண்டி, இரண்டு அரசுகளின் பங்கும் வந்து சேர்வதற்குள் கல்வியாண்டே முடிந்துவிடும். அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போனதையும் பார்த்திருக்கிறேன்.

இந்த இடைவெளி திட்டத்தை வகுத்தவர்களுக்குத் தெரியாததன்று. தகுதியுள்ள மாணவரை முன்பணம் கேட்காமல் சேர்த்துக்கொண்டு, உதவித்தொகை கணக்கில் விழுந்ததும் குறித்த நாட்களுக்குள் கட்டணத்தைச் செலுத்துவேன் என்ற உறுதிமொழியை வாங்கிக்கொள்வதற்கு ‘ஃபிரீஷிப் கார்டு’ என்ற ஒன்றை மத்திய அரசின் வழிகாட்டு நெறிமுறையே சொல்கிறது. தமிழ்நாட்டில் அதற்கு வெகுகாலம் முன்பே, 2012-ல் வெளியான ஆதிதிராவிடர் நலத் துறையின் அரசாணை எண் 92, தகுதியுள்ள ஆதிதிராவிடர், பழங்குடியினர், கிறித்தவ மதம் மாறிய ஆதிதிராவிட மாணவர்களுக்கான கட்டணத்தைச் சுயநிதிக் கல்லூரிகளிலும் அரசே ஈடுசெய்யும் என்று கூறிவிட்டது. ஆனால் அரசாணை எண்ணைச் சொல்லிக் கேட்ட பெற்றோரை என் பணிக்காலத்தில் விரல்விட்டு எண்ணிவிடலாம். மற்றவர்களுக்குக் கிடைத்த பதில் ஒன்றுதான்: “முதலில் கட்டிவிடுங்கள், ஸ்காலர்ஷிப் வந்ததும் நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள்.”

கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும் இந்த ஒரு வாக்கியத்தின் விலை என்னவென்று எனக்குக் காட்டியவர், செங்கல் சூளையில் வேலை செய்யும் ஒரு தாய். மகளைச் சுயநிதிப் பிரிவில் சேர்க்க வந்தவர், மதியம் வரை வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார். பிறகு கடைத்தெருவுக்குப் போய்விட்டு வந்து பணத்தைக் கட்டினார். காலையில் அவர் காதில் இருந்த தோடு அப்போது இல்லை. ஒன்பது மாதம் கழித்து மகளின் கணக்கில் பணம் விழுந்தபோது, அடகுக் கடையின் வட்டி போக மிஞ்சியது அடுத்த செமஸ்டர் தேர்வுக் கட்டணத்துக்குக்கூடக் காணவில்லை என்று அவரே என்னிடம் வந்து சொன்னார். அரசு கொடுத்த உதவித்தொகையில் ஒரு பகுதி, யாரும் திருடாமலேயே, அடகுக் கடைக்குப் போய்ச் சேர்ந்தது. கல்லூரி நிர்வாகத்தின் பயத்திலும் உண்மை இல்லாமலில்லை. சுயநிதிப் பிரிவு ஆசிரியர்களுக்குச் சம்பளம் கட்டணத்திலிருந்துதான் போக வேண்டும், மாணவர் கணக்குக்கு வந்த பணம் வீட்டுச் செலவில் கரைந்துவிட்டால் அதை வசூலிக்க வழியும் இல்லை. அந்தப் பயத்துக்கு ஈடாக அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைத்துக்கொள்வதும், ஹால் டிக்கெட்டை நிறுத்திவைப்பதும்தான் ஏற்க முடியாதவை. அசல் சான்றிதழ்களைக் கல்லூரி வைத்துக்கொள்ளக் கூடாதென்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-லேயே அறிவித்திருக்கிறது.

முதல் பட்டதாரி சலுகையிலும் இதைப் போன்ற ஒரு ஏமாற்றம் ஒளிந்திருக்கிறது. குடும்பத்தில் இதுவரை பட்டதாரி எவருமில்லை என்று வருவாய்த் துறை தரும் சான்றிதழைக் கொண்டு, ஒற்றைச் சாளரக் கலந்தாய்வில் பொறியியல் இடம் பெறும் மாணவருக்குக் கிடைப்பது கற்பிப்புக் கட்டணச் சலுகை மட்டுமே. “கட்டணம் இல்லை” என்று ஊரில் சொல்லிவிட்டு வரும் தகப்பனாரிடம் பேருந்து, விடுதி, சீருடை, பயிற்சி, மேம்பாடு என்று நீளும் மற்றொரு சீட்டு நீட்டப்படும்போது அவர் முகம் போகிற போக்கைப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். ஒரு குடும்பத்தில் ஒரு பிள்ளைக்கே இச்சலுகை என்பதையும், நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தால் கிடையாது என்பதையும் முன்கூட்டியே சொல்ல ஆளில்லை.

விண்ணப்பம் போடுவது பற்றியும் சொல்ல வேண்டும். ஓய்வுக்குப் பிறகு சனிக்கிழமைகளில் எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் உட்கார்ந்து, வருகிற பிள்ளைகளுக்கு என்னால் ஆனதைச் செய்து வருகிறேன். அங்கே நான் பார்க்கும் தடைகளில் பாதிக்கு மேல், சொன்னால் சிரிப்பீர்கள், இனிஷியல் தொடர்பானவை. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தகப்பனார் பெயரின் முதல் எழுத்து மதிப்பெண் பட்டியலில் பெயருக்கு முன்னால் நிற்கிறது, வங்கிக் கணக்கில் பின்னால் நிற்கிறது, ஆதாரில் தகப்பனாரின் முழுப் பெயராகவே விரிந்து கிடக்கிறது. கணினிக்கு இவை மூன்றும் மூன்று ஆட்கள். சரிபார்ப்பதற்கு ஓடிபி வர வேண்டும். ஆதாரில் பதிவான கைப்பேசி எண்ணோ எப்போதோ ரீசார்ஜ் செய்யாமல் விட்டுப்போய் வேறொருவர் கைக்கு மாறியிருக்கும், அல்லது வெளியூரில் கட்டட வேலைக்குப் போயிருக்கும் தகப்பனாரின் சட்டைப் பையில் இருக்கும். சாரத்தின் மேல் நின்றுகொண்டிருப்பவர் கீழே இறங்கி வந்து ஆறு இலக்க எண்ணைப் படித்துச் சொல்வதற்குள் பத்து நிமிடம் கடந்து, மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

இதையெல்லாம் கடந்த பிறகும் ஒரு பள்ளம் உண்டு. அதில்தான் அதிகம் பேர் விழுகிறார்கள். வங்கிக் கணக்கில் ஆதார் எண்ணைப் பதிவு செய்வது வேறு, அரசுப் பணம் வந்து சேரும் கணக்காக அதை இணைப்பது வேறு. ஒருவருக்கு நான்கு வங்கிகளில் கணக்கு இருக்கலாம். நேரடிப் பணப்பரிமாற்றத்துக்கென இணைந்த கணக்கு ஒன்றுதான் இருக்கும், கடைசியாக எதை இணைத்தாரோ அதற்கே பணம் போகும். சென்ற ஆண்டு நூலகத்துக்கு வந்த இரண்டாமாண்டு மாணவி ஒருத்தி, புதுமைப்பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாயும் வரவில்லை, உதவித்தொகையும் வரவில்லை என்று பாஸ்புக்கைக் காட்டி அழுதாள். ஆதார் ஆணையத்தின் இணையதளத்தில் வங்கி இணைப்பு நிலையைப் பார்த்தபோது, அவள் பாஸ்புக்கில் இல்லாத வேறொரு வங்கியின் பெயர் இருந்தது. வெகுநேரம் யோசித்துவிட்டு, ஊருக்குள் நடந்த ஒரு முகாமில் பாட்டியோடு போய்க் கைரேகை வைத்துக் கணக்கு தொடங்கியதை நினைவுகூர்ந்தாள். பணம் அத்தனையும் அங்கே பத்திரமாக இருந்தது. ஆனால் அந்த ஒரு வருடத்தில் அவள் கல்லூரிப் பேருந்தை நிறுத்திவிட்டு, காலையில் இரண்டு பேருந்து மாறி, முதல் வகுப்பைத் தவறவிட்டுக்கொண்டிருந்தாள்.

மற்றவர்களை மட்டும் குறை சொல்லிவிட்டு நான் நழுவிக்கொள்ளக் கூடாது. ஒரு முறை, சரிபார்ப்புப் பொறுப்பில் இருந்த ஆசிரியர் விடுப்பில் போயிருந்தபோது, மாணவர்கள் ஒழுங்காகச் சமர்ப்பித்த பதினான்கு விண்ணப்பங்களை எங்கள் அலுவலகம் கடைசி நாளுக்குள் மேலே அனுப்பத் தவறிவிட்டது. கணினித் திரையில் மாணவருக்குத் தெரிந்தது ‘விண்ணப்பம் சமர்ப்பிக்கப்பட்டது’ என்ற வரி மட்டுமே. அது எங்கள் மேசையில் உறங்கியது அவர்களுக்கு எப்படித் தெரியும்? பின்னர் அலைந்து திரிந்து ஒன்பது பேருக்குச் சரி செய்தோம். ஐந்து பேருக்கு அந்த ஆண்டு இல்லாமலே போயிற்று. விண்ணப்பித்துவிட்டோம் என்று இருந்துவிடாமல், கல்லூரி சரிபார்த்ததா, மாவட்ட அலுவலகம் சரிபார்த்ததா, குறை என்று திருப்பி அனுப்பப்பட்டிருக்கிறதா என்று மாதம் ஒரு முறை பார்க்க வேண்டும் என்பதை அதன் பிறகுதான் முதலாண்டு மாணவர்களிடம் வகுப்பு வகுப்பாகப் போய்ச் சொல்லத் தொடங்கினேன். புதுப்பித்தலும் அப்படித்தான்: 4.5 லட்சம் ரூபாய் வருமானத்துக்குள் இருந்து, பிளஸ் டூவில் உயர்ந்த மதிப்பெண் பெற்றவர்களுக்கு மத்திய அரசு இளநிலைப் படிப்பில் ஆண்டுக்கு 12,000 ரூபாய் தரும் உதவித்தொகையை முதலாண்டு வாங்கிவிட்டு, இரண்டாமாண்டு தானாக வரும் என்று காத்திருந்து இழந்தவர்கள் உண்டு. வருமானச் சான்றிதழின் ஆயுள் ஒரு வருடம் என்பதும் பலருக்குக் கடைசி வாரத்தில்தான் ஞாபகம் வரும். அந்த வாரத்தில் இ-சேவை மையத்து வரிசை தெருமுனை வரை நிற்கும்.

கல்விக் கடன் தனிக் கடிதத்துக்கு உரிய விஷயம் என்பதால் ஒன்றிரண்டு மட்டும். 4 லட்சம் ரூபாய் வரை சொத்து ஈடோ மூன்றாம் நபர் பிணையோ கேட்கக் கூடாது. ‘எங்கள் கிளையின் எல்லைக்குள் உங்கள் வீடு இல்லை’ என்று விண்ணப்பத்தைத் திருப்பக் கூடாதென்று ரிசர்வ் வங்கி 2012-லேயே வங்கிகளுக்கு அறிவுறுத்தியுள்ளது. 2024 நவம்பரில் ஒப்புதல் பெற்ற பிரதமரின் வித்யாலட்சுமி திட்டம் தரவரிசையில் தேர்ந்த உயர்கல்வி நிறுவனங்களில் சேர்பவர்களுக்கானது. தங்கள் கல்லூரி அதில் இருக்கிறதா என்று பார்க்காமலே அதை நம்பி இடத்தை உறுதி செய்பவர்களைப் பார்க்கிறேன்.

எனவே உயர்கல்வித் துறைக்கும் நலத் துறைகளுக்கும் தங்கள் வாயிலாக ஒரு கோரிக்கை வைக்கிறேன். சேர்க்கை ஆணையோடு ஒவ்வொரு மாணவருக்கும், முதல்வரின் கையொப்பமும் கல்லூரி முத்திரையும் இட்ட ஒரு பக்கத் தாள் கொடுப்பதைக் கட்டாயமாக்குங்கள். முழு ஆண்டுக்கான மொத்தச் செலவு, அதில் எந்தச் சலுகை எந்தக் கட்டணத்தை ஈடுசெய்கிறது, மிச்சம் எவ்வளவு, அதை எந்தெந்தத் தேதியில் கட்டலாம், உதவித்தொகை வரும்வரை ஒத்திவைக்கப்படும் தொகை எவ்வளவு என்பவை அதில் இருக்கட்டும். இதற்குப் புதிய நிதி தேவையில்லை; பல்கலைக்கழக மேலாண்மை தகவல் அமைப்பான யூமிஸில் மாணவரின் சாதி, வருமானம், படிப்பு, கல்லூரி எல்லாம் ஏற்கெனவே பதிவாகின்றன, ஆகவே இந்தத் தாளை அங்கிருந்தே அச்சிட்டுவிடலாம். எழுத்தில் கொடுத்துவிட்டால், பாதி ஆண்டில் ஹால் டிக்கெட்டை நிறுத்தி வைக்கும் கல்லூரியிடம் அந்தத் தாளைக் காட்டிப் பேச மாணவருக்கு ஒரு பிடி கிடைக்கும். வாய்மொழியாகச் சொன்னதற்கு அலுவலகத்தில் என்ன மதிப்பு என்பது முப்பது ஆண்டு அலுவலகத்தில் இருந்த எனக்குத் தெரியும்.

தங்களிடமும் ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு கலந்தாய்வுச் சுற்றின் கட்-ஆஃப் விவரத்துக்கும் அரைப்பக்கம் ஒதுக்குகிறீர்கள். அதே பக்கத்தின் ஓரத்தில், அந்த வாரத்தில் முடிவடையும் உதவித்தொகை விண்ணப்பங்களின் கடைசி நாளையும், கல்லூரிகள் அவற்றைச் சரிபார்த்து அனுப்ப வேண்டிய கடைசி நாளையும் வாராவாரம் ஒரு சிறு கட்டத்தில் வெளியிட முடியுமா? இரண்டாவது தேதியை இதுவரை எந்த நாளிதழிலும் நான் பார்த்ததில்லை. எங்கள் அலுவலகத்தில் அந்தப் பதினான்கு விண்ணப்பங்கள் தங்கிப்போன ஆண்டில் அது அச்சில் வந்திருந்தால், மாணவர்களில் ஒருவராவது வந்து என் மேசையைத் தட்டியிருப்பார்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற கல்லூரி அலுவலகக் கண்காணிப்பாளர்,
திண்டிவனம்.