மனநலப் படிவம் அனுப்பும் நிர்வாகங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிறுவனத் தலைவர்களுக்கும் மனிதவளத் துறையினருக்கும்,

வணக்கம். ஊழியர்களின் மனநலத்தை அறிய நீங்கள் மெயிலில் அனுப்பும் பி.எச்.க்யூ-9 என்ற ஒன்பது கேள்விப் படிவத்தைப் பற்றியது இந்த மடல். அது நல்ல கருவி. காசு கொடுக்க வேண்டியதில்லை, சில நிமிடங்களில் நிரப்பிவிடலாம். ஆனால் மருத்துவரின் அறையில், விடையைப் பார்த்தவுடன் அடுத்த கேள்வியைக் கேட்க எதிரில் ஒருவர் உட்கார்ந்திருப்பார். அலுவலகத்துக்குப் படிவம் மட்டும்தான் வந்திருக்கிறது. அந்த ஆள் இல்லாமல் படிவத்தை அனுப்பாதீர்கள் என்று கேட்கவே, மனநலச் சிகிச்சைத் துறையில் பணியாற்றும் நாங்கள் சேர்ந்து எழுதுகிறோம்.

கடந்த இரண்டு வாரங்களில் தூக்கக் கோளாறு, களைப்பு போன்ற ஒவ்வொரு தொல்லையும் எத்தனை நாள் இருந்தது என்பதற்கு 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 27. பத்தோ அதற்கு மேலோ வந்தால் மனச்சோர்வு நோய் இருக்கலாம், நேரில் பாருங்கள் என்று பொருள். நோய் உறுதி என்று பொருளல்ல. 2001-இல் வெளியான ஆய்வின்படி, இந்தப் பத்து என்ற எல்லைக்கோடு நோயுள்ளவர்களில் 88 விழுக்காட்டினரைப் பிடிக்கும். நோயில்லாதவர்களில் 88 விழுக்காட்டினரைச் சரியாக விலக்கும். கேட்க நன்றாக இருக்கிறது. 100 பேரில் 8 பேருக்கு நோய் என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். அவர்களில் 7 பேர் சிக்குவார்கள். நோயில்லாத 92 பேரிலும் 11 பேர் சிக்குவார்கள். ஆக, எல்லையைத் தாண்டிய 18 பேரில் பாதிக்கு மேல் நோயாளிகளே அல்லர். ‘எங்கள் ஊழியர்களில் இத்தனை விழுக்காட்டினருக்கு மனச்சோர்வு’ என்று அறிக்கையில் எழுதுவது இதனால்தான் தவறு.

அந்த 11 பேர் யார்? இரவு ஷிப்ட் பார்ப்பவரை எடுத்துக்கொள்ளுங்கள். தூக்கம், களைப்பு, பசி, கவனம் ஆகிய நான்கு கேள்விகளுக்கும் அவர் 3 போட்டால் 12 வந்துவிடும். தைராய்டு குறைவாகச் சுரந்தாலும் இரத்தசோகை இருந்தாலும் மதிப்பெண் இதேபோல் ஏறும். மனச்சோர்வு நோய் என்று சொல்ல, முதல் இரண்டு கேள்விகளில் ஒன்றாவது, அதாவது எதிலும் நாட்டமின்மையோ மனம் வாடிக் கிடப்பதோ, பாதிக்கும் மேற்பட்ட நாட்களில் இருக்க வேண்டும். அதை நேரில் பேசித்தான் உறுதிசெய்ய முடியும். ஷிப்ட் அட்டவணையால் வந்த 12-க்கு மருந்து, அந்த அட்டவணையை மாற்றுவதுதான்.

எங்களை மிகவும் உறுத்துவது ஒன்பதாவது கேள்வி. செத்துப்போனால் தேவலை என்றோ, தன்னைக் காயப்படுத்திக்கொள்ளலாம் என்றோ தோன்றியதா என்று அது கேட்கிறது. மற்ற எட்டிலும் 0 போட்டு இதில் மட்டும் 1 போட்டவரின் மொத்தம் 1. உங்கள் அட்டவணையில் அவர் பச்சைக் கட்டத்தில் இருப்பார். மொத்தம் எவ்வளவாக இருந்தாலும் இந்தக் கேள்விக்கான விடையைத் தனியாக, அன்றைக்கே பார்க்க வேண்டும். பெயரில்லாமல் படிவம் வாங்கினால் விடை தெரியும், ஆள் தெரியாது. பெயரோடு வாங்கினால் மேலதிகாரி பார்ப்பார் என்று பயந்து எல்லோரும் 0 போடுவார்கள். இதற்கு வழி இரண்டுதான். ஒன்று, படிவம் நேரே நிறுவனத்துக்கு வெளியே உள்ள மனநல நிபுணரிடம் போக வேண்டும். அவர் அன்றே பேச வேண்டும். உங்களுக்குத் தொகுத்த எண்ணிக்கை மட்டும் வர வேண்டும். ஐந்தாறு பேர் உள்ள குழுவுக்கு அந்த எண்ணிக்கையும் வேண்டாம், யாரென்று ஊகித்துவிடுவார்கள். இரண்டாவது, அந்த ஏற்பாடு முடியாதென்றால் ஒன்பதாவது கேள்வியை நீக்கிய பி.எச்.க்யூ-8 படிவத்தைப் பயன்படுத்துங்கள். கேட்டுவிட்டுச் சும்மா இருப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

அதற்காக, நேரில் பேசும்போது கேட்கத் தயங்க வேண்டாம். தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று நேராகக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை. ‘அப்படியெல்லாம் ஒன்றும் இல்லையே?’ என்று கேட்டால் எதிரில் இருப்பவர் ‘இல்லை’ என்றுதான் சொல்வார். ‘உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றுகிறதா?’ என்று கேளுங்கள். ஆம் என்றால், எப்படி, எப்போது என்று யோசித்திருக்கிறாரா என்றும் கேளுங்கள். திட்டமும் அதற்கான வழியும் கையில் இருந்தால் அவரைத் தனியே விடாதீர்கள். உடனே சிகிச்சைக்கு அழைத்துச் செல்லுங்கள். ‘யாரிடமும் சொல்ல மாட்டேன்’ என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள்.

படிவத்துக்குப் பிறகு வழக்கமாக வருவது ஒருநாள் மூச்சுப் பயிற்சி வகுப்பு. பயிற்சி கெடுதல் இல்லை. ஆனால் வேலைப் பளு கூடிக்கொண்டே போக, அதை எப்போது எப்படிச் செய்வது என்பதில் ஊழியருக்குப் பிடி இல்லாமல் போகும்போது அழுத்தம் உச்சத்துக்குப் போகிறது. வேலை அழுத்தத்தை ஆராய்ந்த ராபர்ட் கராசெக் 1979-லேயே இதை விளக்கிவிட்டார். வாரம் 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களைவிடப் பக்கவாத ஆபத்து 35 விழுக்காடு அதிகம் என்று உலக சுகாதார நிறுவனமும் சர்வதேச தொழிலாளர் அமைப்பும் 2021-இல் கணக்கிட்டன. மூச்சை இழுத்துவிட்டு அந்த மணி நேரத்தைக் குறைக்க முடியாது. ஷிப்ட் விவரத்தை முன்கூட்டியே தருவது, வேலை வரிசையை ஊழியரே தீர்மானிக்க விடுவது, இரண்டு மேலதிகாரிகள் முரணான உத்தரவு போடாமல் பார்ப்பது என உங்கள் கையில் உள்ளவை நிறைய.

சிகிச்சை தொடங்கியவர் விஷயத்தில் அவசரம் காட்டாதீர்கள். மனச்சோர்வு மருந்துகளில் குமட்டல், தூக்கக் கலக்கம் போன்ற பக்கவிளைவுகள் முதல் வாரத்திலேயே வரும். பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம், சிலருக்கு அதற்கும் மேல் ஆகும். ‘இன்னுமா சரியாகவில்லை?’ என்ற கேள்வி விழுவதும், பலர் மருந்தை விட்டுவிடுவதும் இந்த இடைவெளியில்தான். திடீரென நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல், மின்சாரம் பாய்ந்தது போன்ற அதிர்வு எல்லாம் வரலாம். திரும்பி வருபவருக்கு முதலில் பாதி நேரம், பிறகு வாரந்தோறும் கொஞ்சம் கூட்டி, எப்போது முழு நேரம் என்பதை அவரோடும் அவர் மருத்துவரோடும் பேசி எழுத்தில் வையுங்கள். மருத்துவச் சான்றிதழில் நோயின் பெயரைக் கேட்காதீர்கள். என்ன வேலை செய்யலாம், எதைத் தவிர்க்க வேண்டும் என்ற இரண்டு வரி போதும்.

அடுத்த படிவத்தை அனுப்பும் முன், அன்று மாலையே ஒன்பதாவது கேள்வியின் விடையைப் பார்க்கப்போவது யார் என்று அந்த மெயிலிலேயே எழுதுங்கள். எழுத ஒரு பெயர் இல்லையென்றால், பெயர் கிடைக்கும்வரை படிவத்தை நிறுத்தி வையுங்கள்.

அக்கறையுடன்,
மனநலச் சிகிச்சைப் பணியாளர்கள்