ஓட்டு வீடுகள் போனபின் கொட்டாரத்தை யார் பழுது பார்ப்பது?

பத்மநாபபுரம் கொட்டாரத்தை, அதாவது மரத்தாலான பழைய அரண்மனையை, பராமரிக்கும் கேரள தொல்லியல் துறை அதிகாரிகளுக்கும், அது நிற்கும் கன்னியாகுமரி மாவட்டத்தின் அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

தக்கலைப் பக்கம் தலைமுறையாக மரவேலை செய்யும் குடும்பத்திலிருந்து இதை எழுதுகிறேன். யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் நம் கொட்டாரம் 2014-இல் இடம்பெற்றது. முழுப் பட்டியலில் எப்போது ஏறும் என்று இங்கே பலரும் ஆவலோடு கேட்கிறார்கள். ஏறட்டும், எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் அதைவிட அவசரமான ஒன்றை உங்கள் காதில் போட வேண்டியிருக்கிறது. இந்தக் கட்டடத்தைச் செப்பனிடத் தெரிந்த கைகள் எங்கள் வட்டாரத்தில் மளமளவென்று குறைந்துகொண்டு வருகின்றன.

கற்கோயில் ஒன்று கவனிப்பாரில்லாமல் நூறு வருஷம் கிடந்தாலும் தாக்குப்பிடிக்கும். மரத்துக்கு அந்தப் பொறுமை கிடையாது. எங்கள் மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்கும் உண்டு. ஒரே ஒரு ஓடு விலகினால் போதும். தண்ணீர் கழுக்கோலில், கூரையைத் தாங்கும் சாய்வு மரத்தில், இறங்கும்; ஈரம் நின்ற இடத்தில் சிதல் (கரையான்) ஏறும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. விரல் முட்டியால் தட்டிப் பார்க்கிறவனுக்குத்தான் தெரியும்: நல்ல மரம் கணீரென்று பேசும், உள்ளே அரிக்கப்பட்ட மரம் பொத்தென்று அடங்கிவிடும்.

1600-களின் தொடக்கத்தில் எழும்பி, மார்த்தாண்ட வர்மா காலத்தில் விரிந்த கொட்டாரம் இது. 1795 வாக்கில் தலைநகரம் திருவனந்தபுரத்துக்குப் போன பிறகும் விழாமல் நின்றது. அரசர்கள் கவனித்தார்கள், பிறகு உங்கள் துறை கவனித்தது. அதை நன்றியோடு சொல்கிறேன். இன்னொரு காரணமும் உண்டு, அதை யாரும் எழுதி வைப்பதில்லை. கல்குளத்திலும் விளவங்கோட்டிலும் ஊருக்கு ஊர் ஓட்டு வீடுகள் இருந்தன. கொட்டாரத்துக் கூரையின் அதே கணக்குதான் சின்ன அளவில் அந்த வீடுகளின் கூரையிலும் இருந்தது. ஆசாரிமார் வருஷம் முழுக்க அந்த வீடுகளில் வேலை செய்தார்கள். கொட்டாரத்தில் ஒரு பழுது என்றால், பழகிய கை பக்கத்திலேயே தயாராக இருந்தது.

அந்தக் கணக்கு என்னவென்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கழுக்கோல்கள் ஒவ்வொன்றிலும் ஒரே கோட்டில் சதுரத் துளை போட்டு, எல்லாவற்றின் ஊடாகவும் ஒரு நீண்ட சட்டத்தைக் கோத்துவிடுவார்கள். அந்தச் சட்டம்தான் கழுக்கோல்களை விலகாமல் பிடித்து வைத்திருக்கிறது. நேராகப் போகும் பக்கத்தில் இது சுலபம். மூலைக்கு வரும்போதுதான் வித்தை. அங்கே கழுக்கோல்கள் விசிறி மாதிரி விரிகின்றன. ஒவ்வொன்றின் நீளமும் வேறு, சாய்வும் வேறு, அதனால் துளையின் கோணமும் வேறு. அத்தனையையும் கீழே தரையில் கோடு போட்டுக் கணக்கெடுத்து, செதுக்கி முடித்து, அப்புறம் மேலே ஏற்றுவார்கள். ஏற்றிய பிறகு திருத்த வழியில்லை. நடுவில் ஒரு கழுக்கோல் கெட்டால் கோத்த சட்டத்தை உருவி, புதியதை இறக்கி, திரும்பக் கோக்க வேண்டும். படம் பார்த்து இதைச் செய்ய முடியாது. செய்தவரின் பக்கத்தில் நின்றுதான் பழக வேண்டும்.

இப்போது அந்த ஓட்டு வீடுகள் போய்க்கொண்டிருக்கின்றன. வீட்டை இடித்து கான்கிரீட் போடுகிறார்கள். அயனி மர உத்திரமும் ஈட்டி மரக் கதவும் லாரி ஏறி எங்கோ ஒரு ரிசார்ட்டுக்குப் போகின்றன. வீட்டுக்காரர்களைக் குறை சொல்ல மாட்டேன், ஒழுகுகிற வீட்டில் இருப்பவருக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும். ஆனால் விளைவைப் பாருங்கள். என் வயதுக்காரர்கள் பிளைவுட் அலமாரியும் மாடுலர் கிச்சனும் செய்து பிழைக்கிறோம். எங்கள் பிள்ளைகள் இழைப்புளியைத் தொட்டதில்லை. வீட்டு வேலை நின்றால் கொட்டார வேலை தெரிந்தவனும் இருக்க மாட்டான்.

2019 ஏப்ரல் 15 அன்று பாரிஸில் நோத்ர தாம் தேவாலயத்தின் கூரை எரிந்தது. பல நூற்றாண்டு பழைய ஓக் மரச் சட்டகம் ஒரே இரவில் சாம்பலாகிவிட்டது. ஆனால் 2024 டிசம்பரில் தேவாலயத்தைத் திரும்பத் திறந்தார்கள். காரணம் பணம் மட்டும் என்று நினைக்க வேண்டாம். தீ விபத்துக்குச் சில ஆண்டுகள் முன்பே இரண்டு கட்டடக் கலைஞர்கள் அந்தக் கூரையின் ஒவ்வொரு மரத்தையும் அளந்து வரைந்து வைத்திருந்தார்கள். கோடரியால் மரத்தைச் சதுரமாகச் செதுக்கத் தெரிந்த தச்சர்களும் இருந்தார்கள். அவர்களில் சிலர் பழகிய இடம் கெடெலோன். பிரான்சின் பர்கண்டிப் பகுதியில் 1997-இல் தொடங்கி, 13-ஆம் நூற்றாண்டு முறையிலேயே ஒரு கோட்டையைப் புதிதாகக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். கல் உடைப்பதையும் மரம் செதுக்குவதையும் பார்க்க மக்கள் டிக்கெட் எடுத்து வருகிறார்கள். அந்தப் பணத்தில் வேலை நடக்கிறது. வேடிக்கை பார்க்க வந்த கூட்டம் கொடுத்த காசில் வளர்ந்த தச்சர்கள், நாடே கலங்கி நின்ற நேரத்தில் கைகொடுத்தார்கள்.

மாலி நாட்டு ஜென்னே நகரத்தின் பெரிய மசூதியும் எனக்கு நினைவுக்கு வருகிறது. மண் கட்டடம். ஆண்டுதோறும் கொத்தனார்கள் முன்னின்று வழிகாட்ட, ஊரே திரண்டு சேறு குழைத்துப் பூசுகிறது. சின்னப் பையன்கள் கூடச் சேறு சுமக்கிறார்கள். அடுத்த கொத்தனார் அந்தக் கூட்டத்திலிருந்துதான் வருகிறார்.

உங்களிடம் நான் கேட்பது இதுதான். கொட்டார வளாகத்தில் ஒரு நிரந்தரப் பணிக்கொட்டகை வையுங்கள். பழுதுபார்க்கும் வேலையில் எதை வெளியில் செய்ய முடியுமோ அதை அங்கே, வருகிறவர்கள் கண் முன்னால் செய்யுங்கள். குமரி மாவட்டத்திலிருந்தும் நெய்யாற்றின்கரைப் பக்கமிருந்தும் இளைஞர்களை, பெண்பிள்ளைகளையும் சேர்த்து, உதவித்தொகையோடு பழக்குங்கள். இன்னும் உயிரோடிருக்கும் மூத்த ஆசாரிமாரை ஆசிரியர்களாக உட்காரவையுங்கள். அவர்களுக்குச் சான்றிதழ் கேட்காதீர்கள்.

தரையையும் விடக் கூடாது. முகம் பார்க்கலாம் போலிருக்கும் அந்தக் கறுப்புத் தரையில் சிரட்டைக்கரி, சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு எல்லாம் சேர்ந்திருப்பதாகச் சொல்வார்கள். பொருள்களின் பெயர் தெரிந்தால் ஆயிற்றா? எவ்வளவு நாள் தேய்ப்பது, எந்தப் பதத்தில் நிறுத்துவது என்பதெல்லாம் கையில் இருக்கிற அறிவு. கொட்டகையின் ஓர் ஓரத்தில் பத்தடிக்குப் பத்தடி தரை போட்டுப் போட்டுப் பழகட்டும்.

சுற்றுலா வருகிறவர்களுக்கும் இது நல்லது. இப்போது பஸ்ஸில் வந்து இறங்குகிற பள்ளிக்கூடப் பிள்ளைகள் பூமுகம் என்ற முகப்பு மண்டபத்தில் குதிரைக்காரன் விளக்கைப் பார்த்து, அரசரின் ஆலோசனைக் கூடமான மந்திரசாலையில் அரை நிமிஷம் நின்று, அடுத்து கன்னியாகுமரி என்று ஓடுகிறார்கள். மூலைக் கழுக்கோலின் துளையை ஒருவர் செதுக்குவதைக் கால் மணி நேரம் பார்த்த பிள்ளை, உள்ளே போனதும் தலையை நிமிர்த்திக் கூரையைப் பார்க்கும். தூணில் பெயர் கீற அதற்குக் கை வராது என்று நம்புகிறேன்.

இரண்டு மாநில விவகாரம், சிக்கல் என்று சொல்லிவிட வேண்டாம். 1956 நவம்பர் 1-இல் எல்லை பிரிந்த பிறகும் இந்தக் கொட்டாரம் தமிழ்நாட்டு மண்ணில் கேரளத்தின் பராமரிப்பில் நல்லபடியாகவே இருந்து வருகிறது. நவராத்திரிக்குச் சரஸ்வதி அம்மன் இங்கிருந்து திருவனந்தபுரத்துக்குப் புறப்படும்போது, கொட்டாரத்து உப்பரிகை மாளிகையில் அரசரின் உடைவாள் கைமாறும். இரண்டு மாநில அதிகாரிகளும் அன்று ஒரே இடத்தில் நிற்கிறீர்கள், இரண்டு மாநிலப் போலீசும் மரியாதை செய்கிறது. வரும் நவராத்திரிக்கு ஊர்வலம் கிளம்பிய பிறகு, அதே இடத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து இந்தக் கொட்டகையைப் பற்றிப் பேசுங்கள். இடம் எது, முதல் ஆண்டு எத்தனை பேர், செலவை யார் எப்படிப் பகிர்வது என்பதை முடிவு செய்யுங்கள். கூப்பிட்டால் எங்கள் பக்கத்து மூத்த ஆசாரிமாரை நான் அழைத்து வருகிறேன். அவர்களுக்கு வயதாகிவிட்டது, அதனால்தான் அடுத்த ஆண்டு என்று தள்ளிப்போட வேண்டாம் என்கிறேன்.

இப்படிக்கு,
கல்குளம் வட்டத்திலிருந்து ஒரு மரவேலைக்காரன்