அந்த வரியை அடிச்சிரு கண்ணு: சேலம் மாவட்டத்தின் 11 சட்டமன்ற உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

கெங்கவல்லி முதல் மேட்டூர் வரை, ஏற்காடு முதல் எடப்பாடி வரை, எங்கள் மாவட்டத்தின் பதினோரு தொகுதி உறுப்பினர்களுக்கும் வணக்கம். மலைக்கிராமங்களில் மனநோய் உள்ளவர்களுக்குப் பக்கத்திலேயே சிகிச்சை கேட்டு இதை எழுதுகிறேன்.

சேலத்தில் மனு எழுதிக் கொடுப்பது என் தொழில். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாள் என்றால் காலை ஏழு மணிக்கே ஆட்கள் வந்துவிடுவார்கள். முதியோர் உதவித்தொகை, பட்டா மாறுதல், தண்ணீர் வரவில்லை, பாதையை மறித்து வேலி போட்டுவிட்டான், மகனுக்கு வேலை வேண்டும். பன்னிரண்டு வருடமாக எழுதுகிறேன். அனுப்புநர், பெறுநர், பொருள் என்று தூக்கத்திலும் கை ஓடும்.

போன ஆடியில் ஓமலூர் பக்கத்திலிருந்து ஒரு பாட்டி வந்தார். உதவித்தொகை நின்றுபோனதற்கு மனு. எழுதி முடிக்கும் நேரத்தில் என் காதுக்குக் கிட்டே குனிந்து, "எம் மகளுக்கு மனசு சரியில்ல கண்ணு. பதினஞ்சு நாளைக்கு ஒருக்கா மருந்துக்கு அலைய முடியல. அதையும் ஒரு வரி போட்டுரு" என்றார். போட்டேன். கைநாட்டுக்கு மைப்பெட்டியை நீட்டினேன். கட்டைவிரல் தாளுக்கு மேலேயே நின்றுவிட்டது. "அந்த ஆபீசுல எங்க ஊர்க்காரர் ஒருத்தர் இருக்காரு. அவர் கண்ணுல பட்டா ஊருக்கே தெரிஞ்சுபோயிரும். பேத்திக்கு வரன் பாக்கறோம். அந்த வரியை அடிச்சிரு கண்ணு."

அடித்தேன். அடித்தல் திருத்தலோடு மனு கொடுக்கக் கூடாது என்று வேறு தாளில் புதிதாக எழுதி, அந்த வரி இல்லாமல் கொடுத்தனுப்பினேன். பழைய தாளைக் கிழிக்க மனசு வரவில்லை. இன்னும் என் பையில்தான் இருக்கிறது.

அந்தப் பாட்டியைக் குறை சொல்லும் தகுதி எனக்கு இல்லை. என் தம்பிக்கும் மனச்சிதைவு நோய். பதிமூன்று வருடம் ஆகிறது. ஊருக்கெல்லாம் மனு எழுதுகிற நான் அவனுக்காக ஒரு மனுவும் எழுதியதில்லை. இதுதான் முதல்.

உங்களிடம் இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நீங்கள் தொகுதிக்குள் வரும்போது சாலை கேட்பார்கள், பாலம் கேட்பார்கள், நிழற்குடை கேட்பார்கள். சர்க்கரை நோயாளி கூட நாலு பேர் முன்னால் மாத்திரை இல்லை என்று சத்தம் போடுவார். மனநோய் உள்ள வீட்டிலிருந்து ஒருத்தரும் வாய் திறக்க மாட்டார்கள். பெயர் வெளியே வந்தால் கல்யாணம் நிற்கும், வாடகை வீடு போகும், தோட்டத்தில் வேலை போகும். அதனால் கோரிக்கையே வருவதில்லை. அதை வைத்துத் தேவையும் இல்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. 2015-16-ல் பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பில், கடுமையான மனநோய் உள்ள 10 பேரில் 7 பேருக்கு மேல் சிகிச்சையில் இல்லை என்று தெரிய வந்தது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகக் கணக்குப்படி 2022-ல் தமிழ்நாட்டில் தற்கொலை செய்துகொண்டவர்கள் 19,834 பேர்; மகாராஷ்டிராவுக்கு அடுத்து நாம்தான். இதற்குப் பிறகும் மனுவுக்காகக் காத்திருக்க வேண்டுமா?

தம்பியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

அம்மாவும் அவனும் சேர்வராயன் மலையில், ஏற்காட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறார்கள். அம்மாவுக்குக் காப்பித் தோட்டத்தில் கூலி வேலை. மருந்து ஒழுங்காகப் போனால் தம்பி நல்ல வேலைக்காரன். தை, மாசியில் மிளகு பறிக்க ஏணியைச் சாய்த்து சில்வர் ஓக் மரத்தில் ஏறினால், கொத்துக் கொத்தாக உருவிச் சாக்கில் போட்டுக்கொண்டே இருப்பான். அதிகம் பேச மாட்டான். சாயங்காலம் அடுப்பு மூட்டிக் கொடுப்பான். அப்படி இரண்டு வருடம் சேர்ந்தாற்போல் இருந்தான்.

2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழை. மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது நினைவிருக்கும். அம்மாவுக்குக் குப்பனூர் வழியாகச் சுற்றி வரத் தெரியாது. மாத்திரையை ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு அரிசிப் பானைக்குள் வைத்திருப்பார். அடியில் நாலு மாத்திரை கிடந்தது. தீர்ந்துவிடக் கூடாதே என்று அரை அரையாகக் கிள்ளிக் கொடுத்திருக்கிறார். பாதை சரியாகி அவர் கீழே போனபோது, இரண்டு மாத்திரையில் ஒன்று இருப்பில் இல்லை, வெளியில் வாங்கிக்கொள்ளுங்கள் என்று சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். வெளியில் வாங்கக் காசு இல்லை. என்னிடம் கேட்கவும் இல்லை. மூன்று வாரம் கழித்து நான் போனபோது தம்பி தூங்குவதையே விட்டிருந்தான். என் போனைப் பார்த்ததும் பிடுங்கித் தண்ணீர்க் குடத்துக்குள் போட்டான். அது அவன் பேசுவதை ஒட்டுக்கேட்கிறதாம். அவன் மறுபடி ஏணி ஏற ஏழு மாதம் ஆயிற்று. அந்த வருடத்து மிளகுச் சீசன் அவனுக்கு இல்லை.

அரசின் இலவச மனநல உதவி எண் 14416-க்குப் போன் பண்ணலாமே என்று சிலர் கேட்கிறார்கள். அந்த எண் நல்ல எண். மனசு உடைந்து நடுராத்திரியில் உட்கார்ந்திருக்கும் ஒரு கல்லூரிப் பிள்ளைக்கு அது உயிரைக் காப்பாற்றும். எல்லாப் பள்ளிச் சுவரிலும் அதை எழுத வேண்டும். ஆனால் போனே ஒட்டுக்கேட்கிறது என்று நம்புகிறவனுக்கு வீடு தேடி ஆள்தான் வர வேண்டும்.

வீடு தேடி வருவது இந்த ஊருக்குப் புதிதும் இல்லை. மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கியது. அம்மாவின் ரத்த அழுத்த மாத்திரையைத் தன்னார்வலர் அக்கா வாசலுக்கே கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போகிறார். அதே வாசல்படியில்தான் தம்பி உட்கார்ந்திருக்கிறான். அவன் மாத்திரைக்கு மட்டும் 20 கொண்டை ஊசி வளைவு இறங்க வேண்டும். விடியும் முன்னே நடந்து, பஸ் பிடித்து, வரிசையில் நின்று, திரும்பும்போது இருட்டிவிடும். அன்றைய கூலியும் போச்சு. ஒரே வீட்டில் இரண்டு நோய்க்கு ஏன் இரண்டு நியாயம்?

சட்டம் எங்கள் பக்கம்தான் இருக்கிறது. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, நடைமுறைக்கு வந்தது 2018 மே 29. அதன் 18-வது பிரிவை இந்தத் தொழிலில் இருப்பதால் வரி வரியாகப் படித்திருக்கிறேன். மனநோய் உள்ள எவரும் சிகிச்சைக்காக நெடுந்தூரம் போக வேண்டிய நிலை இருக்கக் கூடாது, குடியிருக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே சேவை கிடைக்க வேண்டும் என்கிறது. அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ள மனநல மருந்துகள் சமுதாய சுகாதார மையம் தொடங்கி மேலே உள்ள எல்லா அரசு மருத்துவமனைகளிலும் எந்த நேரமும் இலவசமாகக் கிடைக்க வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. 'எந்த நேரமும்' என்ற சொல்லைக் கவனியுங்கள். இருப்பு வந்ததும் வாங்கிக்கொள்ளலாம் என்று அங்கே எழுதவில்லை.

சரி, என்ன செய்ய வேண்டும் என்கிறீர்களா? மாவட்ட மனநலத் திட்டத்தில் ஒரு குழு இருக்கிறது: மனநல மருத்துவர், உளவியலாளர், சமூகப் பணியாளர், செவிலியர். அவர்கள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் மேட்டூரும் ஆத்தூரும் ஏற்காடும் கருமந்துறையும் ஒரு குழுவின் கால்களுக்கு அடங்குமா? மலைக்கென்று தனியாக இரண்டாவது குழுவும், அதற்கு ஒரு ஜீப்பும், டீசலுக்குப் பணமும் வேண்டும். மாதத்தில் ஒரு குறிப்பிட்ட தேதியில், மழையோ திருவிழாவோ, அந்த ஜீப் வர வேண்டும். மருத்துவர் மூன்று மாதத்துக்கு ஒரு முறை பார்த்தால் போதும் என்ற நிலையில் இருப்பவர்களுக்கு, இடைப்பட்ட மாத மாத்திரை தன்னார்வலர் அக்காவின் பையிலேயே வரட்டும். மாத்திரை சாப்பிட மறுப்பவர்களில் சிலருக்கு மாதம் ஒரு ஊசி போதும் என்று மருத்துவர்கள் எழுதுகிறார்கள். அதை ஆரம்ப சுகாதார நிலைய நர்ஸம்மாவே போடலாம். மழை வலுக்கும் முன்னால், ஐப்பசியிலேயே, மலைக்கிராமங்களுக்கு இரண்டு மாத மருந்தைச் சேர்த்துக் கொடுத்துவிட வேண்டும். இந்தக் கடைசி ஒன்று மட்டும் அன்றைக்கு நடந்திருந்தால் தம்பி ஏழு மாதத்தை இழந்திருக்க மாட்டான்.

தொகுதி மேம்பாட்டு நிதியில் கட்டடம் கட்டித் தருகிறோம் என்று யாராவது முன்வந்தால் நன்றி. ஆனால் எங்களுக்குக் கட்டடம் வேண்டாம். கட்டடம் மாத்திரை கொடுக்காது. ஆண்டுதோறும் தவறாமல் வருகிற சம்பளப் பணமும் மருந்துப் பணமும்தான் வேண்டும். அதைச் சட்டமன்றத்தில் கேட்டுத்தான் வாங்க முடியும். மக்கள் நல்வாழ்வுத் துறைக்குப் பணம் ஒதுக்கும் மானியக் கோரிக்கை விவாதம் வரும் நாளில் நீங்கள் எழுந்து, சேலம் மாவட்ட மலைக்கிராமங்களுக்கு மனநலத்துக்கென்று எவ்வளவு ஒதுக்கினீர்கள், எவ்வளவு செலவானது, எந்தெந்த மருந்து எத்தனை நாள் இருப்பில் இல்லாமல் போனது என்று கேளுங்கள். 2022-ல் ஒவ்வொரு தொகுதிக்கும் 10 முக்கியக் கோரிக்கைகளை எழுதித் தரும்படி உங்கள் பதவியில் இருந்தவர்களை அரசு கேட்டது. அப்படி ஒரு பட்டியல் அடுத்து எப்போது எழுதினாலும் பத்தில் ஒன்று இதுவாக இருக்கட்டும். கட்சி பார்க்க வேண்டாம். பதினோரு பேரும் ஒரே கேள்வியைக் கேட்டால் அமைச்சர் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

விழிப்புணர்வுக்கும் ஒரு வார்த்தை. அக்டோபர் 10 உலக மனநல நாளில் பேரணி நடக்கிறது, நடக்கட்டும். என் ஆசை வேறு. அங்கன்வாடி டீச்சர், கிராம நர்ஸ், தோட்டத்து மேஸ்திரி, சேர்வராயன் கோயில் பூசாரி, இவர்களைக் கூப்பிட்டு உட்கார வைத்து ஒரு நாள் பேச வேண்டும். தம்பிக்கு முதலில் நோய் வந்தபோது நாங்கள் ஒன்றரை வருடம் மந்திரித்துக்கொண்டு அலைந்தோம். கடைசியில், "சாமியும் கும்பிடு, டாக்டரையும் பாரு" என்று சொன்னவர் ஒரு பூசாரிதான். அவர் பேச்சை அம்மா கேட்டார். என் பேச்சைக் கேட்கவில்லை.

எங்களைப் போல ஒன்பது குடும்பங்கள் சேர்ந்திருக்கிறோம். மாதத்தில் இரண்டாவது ஞாயிறு, கோரிமேடு பக்கம் ஒரு வீட்டு மாடியில் சாயங்காலம் நாலு மணிக்குக் கூடுவோம். எந்த மருந்து எங்கே கிடைக்கிறது, யார் வீட்டில் யார் தூங்கவில்லை, யாருக்கு ஊனமுற்றோர் அடையாள அட்டைக்கு விண்ணப்பம் எழுத வேண்டும் என்று பேசுவோம். இந்த மடலை உங்கள் பதினோரு அலுவலகங்களிலும் நானே கொண்டுவந்து தருகிறேன். முகவரி உறைக்குள் இருக்கும். ஒரு ஞாயிறு வாருங்கள். கொடி கட்டிய கார் தெருமுனையோடு நிற்கட்டும். போட்டோ வேண்டாம். கீழ்வீட்டில் யாராவது கேட்டால் சீட்டுக் கூட்டத்துக்கு வந்ததாகச் சொல்லுங்கள். நாங்களும் அக்கம்பக்கத்தில் அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
மலையில் ஒரு தம்பி உள்ள அக்கா