உறைமழை பெய்தால் வீட்டுக்குள்

ஸ்காபரோ, கனடா,
மார்கழி 27

அன்புள்ள அக்காவுக்கு,

சின்னவன் தை மாதம் வந்து ஸ்னோவுக்குப் பழகுவானா என்று கேட்டிருந்தீர்கள். ஸ்னோ பெரிய காரியமில்லை, தட்டிவிட்டால் கொட்டுண்டு போகும். நான் சொல்லிவைக்க நினைப்பது உறைமழையைப் பற்றி. மேலே சூடான காற்றில் உருகி மழையாக வருவது, நிலத்துக்குக் கிட்டே பூச்சியத்துக்குக் கீழே நிற்கும் காற்றுக்குள்ளால் இறங்கி, பட்ட இடத்திலேயே இறுகிவிடும். பாரம் தாங்காமல் கொப்புகள் முறிந்து கறண்ட் கம்பியில் விழும். 2013 மார்கழியில் ரொறன்ரோவில் மட்டும் ஏறத்தாழ மூன்று இலட்சம் இணைப்புகளுக்குக் கறண்ட் போனது. சிலருக்கு நத்தார் கழிந்தும் வரவில்லை.

2022 இல் கொழும்பில் 13 மணித்தியாலம் கறண்ட் வெட்டியபோது உங்களுக்கு நின்றது காற்றாடி. இங்கே சூடு நின்றுவிடும். காஸ் ஹீற்றர் என்றாலும் அதை மூட்டுவதும் சூட்டை ஊதுவதும் கறண்ட்தான்.

அப்போதுதான் சனம் புத்தியை விடுவது. கரி அடுப்பை வீட்டுக்குள் கொண்டுவந்து குளிர் காய்வார்கள். மூடிய ஜன்னல்களுக்குள் கரி எரிந்தால் காபன் மொனொக்சைட் என்ற நச்சு வாயு சேரும். அதற்கு நிறமுமில்லை, மணமுமில்லை. தலையிடி, ஓங்காளம், பிறகு நித்திரை. நித்திரையால் எழும்பாதவர்களும் உண்டு. கராஜ் கதவைத் திறந்துவைத்து அதற்குள் கரி மூட்டுவதும் அதே ஆபத்துத்தான். காஸ் அடுப்பில் தேத்தண்ணி வைக்கலாம், குளிர் காய அதை எரிய விடக்கூடாது. அந்த நச்சு வாயுவைக் காட்டித்தர அலாரம் இருக்கிறது, ஆனால் சுவரில் செருகும் வகையென்றால் உள்ளே பற்றரியும் இருக்கவேண்டும். இல்லாவிட்டால் கறண்டோடு அதுவும் செத்துவிடும். அலாரம் அடித்தால் யோசிக்காமல் வெளியே போய் அவசர உதவி இலக்கமான 911 க்கு எடுக்கவேண்டும்.

அடுத்தது தண்ணிப் பைப். ஐஸ் அடைத்த இடத்துக்கும் பூட்டிய குழாய்க்கும் நடுவில் அகப்பட்ட தண்ணீர் நெருக்கித்தான் பைப் பெரும்பாலும் வெடிக்கிறது. அதனால் வெளிச்சுவரோடு இருக்கிற குழாயை நூல்போல ஓடவிட்டு, சிங்குக்குக் கீழ் அலுமாரிக் கதவைத் திறந்துவைத்தால் போதும். உறைந்திருக்கும்போது வெடிப்புத் தெரியாது, இளகும்போதுதான் தண்ணீர் பாயும். பேஸ்மென்ற்றுக்கு வாடகைக்குப் போகிறவன் முதல் நாளே வீட்டுத் தண்ணீரை நிறுத்துகிற மெயின் வால்வ் எங்கே என்று வீட்டுக்காரரிடம் கேட்டு, ஒருதரம் பூட்டித் திறந்து பார்க்கட்டும். நெடுநாள் திருப்பாத வால்வ் இறுகிக்கிடக்கும். நிலத்தில் ஊறும் தண்ணீரை இறைக்கிற பம்ப் இருக்கிற வீடென்றால், கறண்ட் போனால் அதுவும் நின்றுவிடும். பெட்டிகளை நிலத்தில் வைக்காமல் கட்டிலில் ஏற்றவேண்டும்.

பிரிட்ஜைத் திறக்காவிட்டால் சாமான் நாலு மணித்தியாலம் தாங்கும், நிரம்பிய பிறீசர் இரண்டு நாள். வெளியே குளிர்தானே என்று சாப்பாட்டை வாசலில் வைத்தால் ரக்கூன் தின்றுவிடும். இந்த ஊரில் அதுகளுக்குப் பூட்டுத் திறக்கவும் தெரியும்.

பக்கவாசல் படிக்கு உப்பை மழைக்கு முன்னமே போடவேண்டும். மைனஸ் 10க்குக் கீழே சாதாரண உப்பு சரியாக வேலை செய்யாது, மணல்தான். கார்க் கண்ணாடியில் சுடுதண்ணி ஊற்றினால் வெடிக்கும். அறுந்த கம்பிக்கு 10 மீற்றர் தள்ளி நிற்கவேண்டும்.

கொழும்பு பெற்றாக் கடைகளில் தடித்த ஜக்கெற் வாங்கிக் காசைச் செலவழிக்க வேண்டாம், அது இந்தக் குளிருக்குக் காணாது. இங்கே வாங்கலாம். அந்த இடத்தில் அரிசிமாவும் மிளகாய்த்தூளும் கட்டிவிடுங்கள்.

அன்புடன்,
தங்கச்சி